ஈந்து சிறுத்த விண்மீன்

பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1899-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்நிலையத்தில், கதிரவனின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்த எவர்ஷெட் என்னும் அறிஞர், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கண்டறிந்தார். ஒளிரும் பொருள் நம்மை அணுகின் அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கமும், அகலின் சிவப்பின் பக்கமும் நகரும். இவ்வுண்மையே அவருக்குத் துணைநின்றது. ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களின் இயக்கத்தையும் நிறையையும் நாம் அறிவதற்கும் இதுவே துணையாகின்றது.

மார்கழி முன்னிரவில் கோடைமலையில் நின்று வடவானை நோக்கின், அல்கோல் என்னும் விண்மீனைக் காணலாம். ஏறத்தாழ 2 நாள் 21 மணி நேரத்திற்கு ஒருமுறை அது மங்கிப் பின் ஒளிர்கின்றது. அதனை ஏதோ ஒரு பொருள் சுற்றிவந்து மறைத்தல் கூடும் என, செவிப்புலன் இழந்த இளைஞர் ஜான் குட்ரிக் 1783-இல் உரைத்தார். 1889-இல் நிறமாலை ஆராய்ச்சி அதனை மெய்ப்பித்தது. அல்கோலும் ஓர் இரட்டையே.

ஆனால், அவ்விரட்டையில் ஒரு புதிர் இருந்தது. விண்மீனின் நடுவே உள்ள ஹைட்ரஜன் தீர்ந்ததும் அதன் உள்ளகம் சுருங்கும். புறப்பகுதி விரிந்து பெருமீனாகும். பெருஞ்செல்வன் அதனினும் பெருஞ்செலவு செய்து விரைவில் வறியனாதல் போல, நிறை மிக்க விண்மீனே முதலில் முதுமை எய்தும். அல்கோலிலோ, கதிரவனைப் போல் மும்மடங்கு நிறையுடைய விண்மீன் இளமையோடு இருக்கின்றது. கதிரவனினும் நிறை குறைந்த அதன் துணையோ முதுமையுற்றுப் பருத்துள்ளது. உடன் பிறந்த இரண்டனுள் சிறியது முந்தி மூத்தது எங்ஙனம்?

இதற்கு 1955-இல் கிராஃபோர்டு என்பார் விடை கண்டார். இன்று சிறியதாய் இருப்பதே முன்பு பெரியது. நெருங்கிய இரட்டையில் ஒவ்வொரு விண்மீனுக்கும் ஈர்ப்பின் எல்லை ஒன்று உண்டு. பெரிய விண்மீன் மூத்து, விரிந்து, அவ்வெல்லையைக் கடந்தபோது, அதன் வாயு துணையின்பால் பாய்ந்தது. ஈந்தது சிறுத்தது, ஏற்றது பெருத்தது. அப்பாய்ச்சல் இன்றும் முற்றிலும் நிற்கவில்லை. ஏற்றதும் ஒருநாள் மூத்து விரியும். அன்று வாயு எதிர்த்திசையில் பாயக்கூடும்.

இயற்கையின் விதி பொய்க்கவில்லை. விண்மீன்களின் பழைய வரலாறே நமக்குப் புலப்படாமல் இருந்தது. ஒரு பொருளின் இன்றைய தோற்றத்தை மட்டும் கண்டு முடிவு கூறாமல், அது கடந்து வந்த வழியையும் ஆராய்தலே அறிவுடைமையாகும்.