கல்ச்சர் அறிக்கை ஏன் தாமதமாகிறது?

இரத்தச் சர்க்கரையின் அளவு ஒரு மணி நேரத்திற்குள் தெரிந்துவிடுகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் அன்றே வந்துவிடுகிறது. ஆனால் ‘கல்ச்சர்’ எனப்படும் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு மட்டும் இரண்டு நாள், மூன்று நாள், சில வேளைகளில் ஐந்து நாள் வரை காத்திருக்கச் சொல்கிறோம். காய்ச்சலோடு படுத்திருப்பவரின் அருகில் அமர்ந்திருப்போருக்கு இந்தக் காத்திருப்பு எளிதன்று. மாதிரி எங்கேனும் தேங்கிக் கிடக்கிறதோ என்ற ஐயமும் எழுவது இயல்பே. அந்த நாள்களில் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதை இங்குக் காண்போம்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்

நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அனைத்தையும் ‘கிருமி’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். அவற்றுள் பல வகைகள் உண்டு. பாக்டீரியா என்பது ஒரே செல்லாலான முழு உயிர். தானே உணவு கொண்டு தானே பெருகவல்லது. வைரஸ் அதைவிட மிகச் சிறியது. வேறோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தாலன்றிப் பெருக இயலாதது. பூஞ்சை மற்றொரு வகை. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி இன்னொரு வகை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவுக்கு உரியவை. சாதாரண ஜலதோஷத்திற்குக் காரணமான வைரஸை அவை ஒன்றும் செய்வதில்லை.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாகும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். ஏறக்குறைய ஐந்நூறு பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்த அந்தோனி வான் லூவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையால் தம் பற்களில் படிந்திருந்த அழுக்கைப் பார்த்தார். அதில் அசைந்து திரிந்த சிற்றுயிர்களைப் பற்றி 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

இவ்வுயிர்கள் எல்லாம் நமக்குப் பகை அல்ல. நம் குடலில் கோடிக்கணக்கானவை நலமே செய்து வாழ்கின்றன. இட்லி மாவைப் பொங்கச் செய்வதும் பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாக்களே.

ஏன் வளர்க்க வேண்டும்?

நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமியின் வடிவம் தெரியும். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட சாயமுறையைக் கையாண்டால், சில பாக்டீரியாக்கள் ஊதா நிறமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தோன்றும். இதனால் அவை எப்பிரிவைச் சேர்ந்தவை என்று அறியலாம். ஆனால் இன்ன பாக்டீரியா, இன்ன மருந்துக்கு அது மடியும் என்பதைச் சாயம் சொல்லாது. அதற்கு அக்கிருமி உயிரோடும் போதிய எண்ணிக்கையிலும் வேண்டும்.

ஆகவே மாதிரியில் ஒரு துளியை, சத்துப் பொருள்கள் கலந்த அகர் தட்டில் தீற்றி, உடலின் வெப்பநிலையில் வைக்கிறோம். அகர் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கூழ்மம். ராமேஸ்வரம், மண்டபம் கரையோரப் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் பாசியிலிருந்தும் அகர் தயாரிக்கப்படுகிறது. இதை ஆய்வகத்திற்குக் கொண்டுவரச் சொன்னவர் ஜெர்மனியில் வாழ்ந்த ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய தம் கணவர் பயன்படுத்திய ஜெலட்டின் வெப்பத்தில் உருகி ஓடியது. தம் சமையலறையில் பயன்பட்ட அகர் உருகாமல் நிற்பதை அறிந்திருந்த அவர், 1881-இல் அதைப் பரிந்துரைத்தார். இன்றும் உலகெங்கும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

ஏற்ற சூழலில் ஈ.கோலை 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழு மணி நேரத்தில் ஒரு பாக்டீரியா 20 லட்சத்தைத் தாண்டிவிடும். மறுநாள் காலையில் தட்டின்மேல் சிறு பொட்டுகளாக அதன் கூட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். மாலையில் அரைத்த மாவு பொங்குவதற்கு ஓர் இரவு வேண்டியிருப்பது போன்றதே இதுவும். எவ்வளவு விரைந்தாலும் அந்த இரவைக் குறைக்க இயலாது.

எல்லா பாக்டீரியாவும் இவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை. காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்கு 15 மணி நேரத்திற்கும் மேலாகிறது. எனவே அதன் வளர்ப்புப் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் அக்கிருமியின் மரபணுவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கண்டறியும் சோதனையை முதலில் செய்கிறோம்.

எந்த மருந்துக்கு மடியும்?

கிருமி வளர்ந்த பின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அக்கிருமியைப் புதிய தட்டில் பரப்பி, வெவ்வேறு ஆன்டிபயாடிக் தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறார்கள். பயன்தரும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் உண்டாகும். அவ்வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து முடிவு சொல்கிறார்கள். இதற்கு மற்றோர் இரவு தேவை. பல ஆய்வகங்களில் இப்போது இதற்குக் கருவிகள் உள்ளன. ஆயினும் கிருமி வளர்ந்தாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

அறிக்கையில் மருந்தின் பெயருக்கு எதிரே ‘எஸ்’ என்றிருந்தால் அம்மருந்து பயன்படும். ‘ஆர்’ என்றிருந்தால் கிருமி அதை எதிர்த்து நிற்கும். ‘எஸ்’ பெற்ற மருந்துகள் பல இருக்கலாம். அவற்றுள் விலை மிகுந்தது மேலானது என்று கருத வேண்டாம். தொற்று உள்ள இடம், சிறுநீரகத்தின் நிலை, ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

மற்றொன்றையும் நினைவில் கொள்க. கிருமி வளர்ந்தது என்பதாலேயே மருந்து தேவை என்றாகாது. முதியோரிடமும் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டோரிடமும் எவ்விதத் தொல்லையும் இன்றிச் சிறுநீரில் பாக்டீரியா இருப்பதுண்டு. பெரும்பாலும் அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அவசியம் வேண்டும்.

அதுவரை சிகிச்சை நிற்பதில்லை

கடுமையான தொற்றுக்கு அறிக்கை வரும்வரை காத்திருப்பது ஆபத்து. எனவே மாதிரி எடுத்தவுடன், அந்நோய்க்கு வழக்கமாகக் காரணமாகும் கிருமிகளைக் கருதி ஒரு மருந்தைத் தொடங்குகிறோம். அறிக்கை வந்ததும் அதை மாற்றலாம், எளிய மருந்தாகக் குறைக்கலாம், தேவையில்லையெனில் நிறுத்தவும் செய்யலாம். மூன்றாம் நாள் மருந்து மாறினால், முதல் மருந்து தவறு என்று வருந்த வேண்டாம். இம்மாற்றத்திற்காகவே பரிசோதனை செய்யப்படுகிறது.

மருத்துவமனைக்கு வருமுன் கடையில் வாங்கி உண்ட இரண்டு மாத்திரைகள் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடக்கூடும். நோயைத் தீர்க்க அவை போதாமல் போகலாம். ஆனால் தட்டில் கிருமி வளராமல் தடுக்கப் போதும். காய்ச்சல் நீடிக்கும், அறிக்கையோ ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும். எந்த மருந்தைத் தருவது என்று வழிகாட்ட ஒன்றும் இராது.

அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைப்பவை எதிர்ப்புத் திறன் மிக்க கிருமிகளே. அவை அத்திறனுக்குரிய மரபணுவை அருகிலுள்ள பிற பாக்டீரியாக்களுக்கும் கொடுக்கவல்லவை. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் தம் நோபல் உரையிலேயே இவ்வாபத்தைப் பற்றி எச்சரித்தார். நம் நாட்டில் ஆன்டிபயாடிக் அட்டைகளில் காணப்படும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டின்றி அதை உண்ணக்கூடாது என்பதற்கான அடையாளம்.

நீங்கள் செய்யத்தக்கவை

கடந்த சில நாள்களில் உண்ட மாத்திரைகளின் அட்டைகளை, காலியாக இருந்தாலும், கொண்டுவந்து காட்டுங்கள்.

சிறுநீர் மாதிரிக்கு, உறுப்பைக் கழுவிய பின், முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு இடையில் வருவதை மருத்துவமனை தரும் குப்பியில் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். இரண்டு மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேருங்கள்.

சளி மாதிரிக்கு, காலையில் வாயைத் தண்ணீரால் கொப்பளித்த பின், ஆழ்ந்து இருமி நெஞ்சிலிருந்து வருவதைக் கொடுங்கள். எச்சில் பயன்படாது.

இரத்தக் கல்ச்சருக்கு இரண்டு இடங்களில் குத்தி இரத்தம் எடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோலில் இயல்பாக வாழும் கிருமி ஒரு குப்பியில் கலந்துவிட்டாலும், மற்றொன்றோடு ஒப்பிட்டு உண்மையை அறியலாம். இக்குப்பிகளை ஐந்து நாள் வரை கண்காணிப்போம். கிருமி முன்னரே தெரிந்தால் அன்றே சிகிச்சையில் அதைக் கருத்தில் கொள்வோம்.

வீட்டிற்குச் சென்றபின், சொன்ன நாள்கள் வரை மருந்தை உண்ணுங்கள். நீங்களாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். மீந்த மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைக்காதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள். கல்ச்சர் அறிக்கையை மட்டும் பத்திரமாக வைத்து, அடுத்த முறை வரும்போது மறவாமல் கொண்டுவாருங்கள். முன்பு எந்தக் கிருமி எந்த மருந்தை எதிர்த்தது என்பது தெரிந்தால், அடுத்த சிகிச்சையின் முதல் நாளிலேயே சரியான மருந்தை நாம் தேர்ந்தெடுக்க முடியும்.