கூழாங்கல்லில் ஒரு முகம்

தீபாவளி நெருங்கும்போது நம் பேரங்காடிகளின் தரைத்தளத்தில் வண்ண அரிசிக் கோலம் போடுவார்கள். அடுத்த முறை அதை இரண்டு இடங்களிலிருந்து பாருங்கள். தடுப்புக் கயிற்றின் பக்கத்தில் நின்றால் ஒவ்வோர் அரிசியும் தனித்தனியாகத் தெரியும். மின்படிக்கட்டில் ஏறி, இரண்டாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் அரிசி மறைந்து, மயிலின் கழுத்து மட்டும் வழவழப்பாகத் தெரியும். அதே அரிசி, அதே கண். அப்படியானால் எத்தனை மீட்டர் தூரத்தில் அரிசி மயிலாக மாறுகிறது? கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அதற்கு முன், இந்தக் கலை மிகப் பழங்காலத்தில் எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம்.

கிரேக்க நாட்டின் வடக்கே பெல்லா என்று ஓர் ஊர். மாசிடோனியப் பேரரசின் தலைநகராக இருந்தது. அலெக்சாண்டர் பிறந்த ஊர். 1957இல் தொடங்கிய அகழாய்வில் அங்கே செல்வந்தர்களின் வீட்டுத் தரைகள் வெளிப்பட்டன. ஒரு தரையில் இரண்டு இளைஞர்களும் ஒரு நாயும் மானை வேட்டையாடுகிறார்கள். இன்னொன்றில் சிங்க வேட்டை. சாயம் எதுவும் பூசப்படவில்லை. வெள்ளை, கறுப்பு, சாம்பல், மஞ்சள், செம்பழுப்பு நிறங்களில் இயற்கையாகக் கிடைத்த கூழாங்கற்களைப் பொறுக்கி, சாந்தில் பதித்தே அத்தனையும் செய்யப்பட்டிருக்கின்றன. காலம் கி.மு. 300ஐ ஒட்டியது. மான் வேட்டைக் காட்சியின் மேற்புறத்தில், 'ஞோசிஸ் செய்தான்' என்று கிரேக்க எழுத்தில் கல்லாலேயே கையொப்பம் இருக்கிறது. மொசைக் கலைஞர் ஒருவர் இட்ட கையொப்பங்களில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது இதுதான்.

அதில் வலப்பக்கம் நிற்கும் இளைஞனின் நெற்றி முடி நடுவில் பிரிந்து மேல்நோக்கி எழும்பியிருக்கிறது. அலெக்சாண்டரின் சிலைகளிலும் முடி அப்படித்தான். அதனால் அவன் அலெக்சாண்டராக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயர் எழுதப்படவில்லை என்பதால் வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அந்த வழக்கைவிட வேறொன்றுதான் வியப்பாக இருக்கிறது. முடியின் வளைவை வைத்து ஆளை அடையாளம் காண முயலும் அளவுக்குக் கூழாங்கல்லில் நுணுக்கம் வந்தது எப்படி?

(மொசைக் என்றதும் குளியலறைச் சுவரில் ஒட்டும் சதுர ஓடுகளோ, சில்லுக் கற்கள் தெரியத் தேய்த்த பழைய வீட்டுத் தரையோ உங்கள் நினைவுக்கு வரலாம். பேர் ஒன்றுதான், பங்காளி உறவு. இங்கே பேசுவது சிறு துண்டுகளை அடுக்கி உருவம் வரைவதைப் பற்றி.)

கண் போடும் கணக்கு

நல்ல பார்வை உள்ள ஒருவரின் கண், இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்தறிய அவற்றுக்கிடையே ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காவது கோணம் வேண்டும். எளிமையாகச் சொன்னால், 1 மி.மீ. இடைவெளியை ஏறக்குறைய 3.4 மீட்டர் வரை பிரித்தறியலாம். அதைத் தாண்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த ஒரே எண் போதும்.

அரிசியின் அகலம் சுமார் 2 மி.மீ. அப்படியானால் 7 மீட்டரில் அரிசிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பேரங்காடியின் இரண்டாவது மாடி உயரம் ஏறக்குறைய அதுதான். கோலம் போடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் நடுநடுவே மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்துகிறார்களே, கவனித்திருக்கிறீர்களா?

இப்போது 1 செ.மீ. கூழாங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது கலந்து மறைய 34 மீட்டர் வேண்டும். பெல்லா வீட்டுத் தரையைப் பார்ப்பவரின் கண்ணோ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் கலக்க வேண்டுமானால் கல் அரை மில்லிமீட்டரைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அது கல் அல்ல, கோலமாவு! முகத்துக்கு இன்னும் சிறிய கற்களைத் தேடிப் பதித்தார்கள் என்றாலும், கணக்குப்படி அங்கே கற்கள்தான் தெரிய வேண்டும், முகம் தெரியக் கூடாது.

ஆனாலும் முகம் தெரிகிறது. காரணம், கண் பிரித்தனுப்புவதை மூளை மறுபடி கூட்டுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன் 1973இல் ஆபிரகாம் லிங்கனின் படத்தை முந்நூறுக்கும் குறைவான சாம்பல் நிறச் சதுரங்களாக மாற்றி வெளியிட்டார். அருகில் பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் லிங்கன்! கட்டங்களின் கூர்மையான ஓரங்கள்தான் மூளையைத் திசைதிருப்பின. கண்ணைச் சுருக்கும்போது அந்த ஓரங்கள் மங்கி, பெரிய அளவிலான வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சுகின்றன. முகத்தை அறிய மூளைக்கு அவ்வளவே போதும். ஓவியர் சால்வடார் டாலி 1976இல் இதே லிங்கனை ஓர் ஓவியத்துக்குள் ஒளித்து வைத்தார். எத்தனை மீட்டரில் லிங்கன் தெரிவார் என்பதை ஓவியத்தின் தலைப்பிலேயே எழுதியும் விட்டார்: இருபது.

பெல்லாவின் கைவினைஞர்கள் மூளைக்கு இந்த உதவியைத் தரையிலேயே செய்துவிட்டார்கள். பின்னணி கறுப்பு, உருவம் வெளிர் நிறம். அதனால் உருவத்தின் கோட்டுருவம் பளிச்சென்று பிரிகிறது. தசை உருளும் இடங்களில் வெள்ளையிலிருந்து சாம்பலுக்குக் கற்கள் படிப்படியாக மாறுகின்றன. சிங்க வேட்டைத் தரையில் முடிச்சுருளையும் உடல் விளிம்பையும் காட்ட, கற்களுக்கிடையே ஈயத்தாலும் சுட்ட களிமண்ணாலும் ஆன மெல்லிய பட்டைகளைச் செருகினார்கள். கல்லால் கோடு போட முடியாத இடத்தில் உலோகம் கோடு போட்டது. கூழாங்கல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு என்பேன்: அதற்கு நேரான ஓரமே கிடையாது, ஆகவே ஹார்மனின் கட்டங்களைப் போல அது மூளையைக் குழப்புவதில்லை.

பிறகு கல்லை வெட்டிப் பதிக்கக் கற்றார்கள். வெட்டிய துண்டு இடைவெளியின்றிப் பொருந்தும், எவ்வளவு சிறிதாகவும் இருக்கலாம். இத்தாலியின் பொம்பெயி நகரில் 1831இல் கிடைத்த அலெக்சாண்டர் போர்க்காட்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன. அதில் அலெக்சாண்டரின் அகன்ற கண்ணைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆறு நடத்திய தேர்வு

பெல்லா தரை 2,300 ஆண்டுகள் தாங்கியதற்குக் காரணம் எளியது. கூழாங்கல் ஆற்றில் உருண்டு வரும்போதே மென்மையான கல்லெல்லாம் தேய்ந்து மணலாகிவிடும். உருண்டு தப்பி வருவது கெட்டியானது மட்டுமே. ஆறு முன்கூட்டியே தேர்வு நடத்தி முடித்துவிட்டது. அவற்றில் குவார்ட்ஸ் வகைக் கல் இரும்புக் கத்தியால்கூடக் கீற முடியாதது. அடியிலிருந்த சுண்ணாம்புச் சாந்தோ காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாகவே மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறம் கல்லின் மேலே பூசப்படவில்லை, உள்ளே முழுவதும் இருக்கிறது. எவ்வளவு தேய்ந்தாலும் அடுத்த அடுக்கும் அதே நிறம்தான்.

இந்த இடத்தில் ஊருக்குத் திரும்புவோம். ஜொகூர் பாருவில் தெப்ராவ் சாலைக்கு அருகிலுள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். 1922இல் சிறியதாகத் தொடங்கிய கோயில், 2009இல் சுவர், தூண், விதானம் என்று எங்கும் வண்ணக் கண்ணாடிச் சில்லு பதித்து மறுவடிவம் பெற்றது. சுமார் 3,00,000 சில்லுகள். 2010இல் மலேசிய சாதனைப் புத்தகத்திலும் இடம் பெற்றது. கல்லுக்குப் பதில் கண்ணாடி என்பதால் கண்ணுக்கு இங்கே இன்னொரு விருந்தும் கிடைக்கிறது. படும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன்படி ஒரு சில்லு 1 பாகை சாய்ந்தால் மீளும் ஒளி 2 பாகை விலகும். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் உங்களிடம் அந்த ஒளி சுமார் 17 செ.மீ. நகர்ந்து விழும். கையால் ஒட்டிய மூன்று லட்சம் சில்லும் ஒரே சாய்வில் இருக்க வழியில்லை. எனவே நீங்கள் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், சில சில்லுகள் அணையும், வேறு சில பற்றிக்கொள்ளும். இயந்திரம் கொண்டு துல்லியமாக ஒட்டியிருந்தால் இந்த மினுமினுப்பு குறைந்திருக்கும்.

ஆனால் கூழாங்கல்லுக்கு இல்லாத ஒரு பலவீனம் கண்ணாடிச் சில்லுக்கு உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியின் பளபளப்பு, அதன் பின்பக்கத்தில் பூசிய உலோகப் படலத்தில் இருக்கிறது. பல கண்ணாடிகளில் அது வெள்ளி. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். முன்பக்கத்தைக் கண்ணாடி காக்கிறது, பின்பக்கத்தை வண்ணப்பூச்சு காக்கிறது. காவல் இல்லாத இடம் ஓரம். குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புக் கறை ஊர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்களே, ஈரப்பதமும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் ஓரம் வழியே புகுந்து வெள்ளியைக் கறுக்கச் செய்வதுதான் அது.

இப்போது ஒரு கணக்கு. 1 மீட்டர் சதுரக் கண்ணாடிக்கு ஓரம் 4 மீட்டர். அதையே 2 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 2,500 சில்லுகள். ஒவ்வொன்றின் ஓரமும் 8 செ.மீ.; மொத்தம் 200 மீட்டர்! பரப்பு மாறவில்லை, ஆனால் நோய் புகும் வாசல் ஐம்பது மடங்கு. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிற்கும் நம் ஜொகூரில் இது சின்ன விஷயமல்ல. சிறிதாக வெட்டுவதில் நன்மையும் உண்டு, மறுக்கவில்லை: வெயிலில் விரிந்து சுருங்கும்போது பெரிய கண்ணாடி விரிசல் விடும், சில்லு தாங்கிக்கொள்ளும், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

ஆகவே கண்ணாடிச் சில்லு பதித்த கோயிலிலோ வீட்டுப் பூசையறையிலோ துப்புரவுக்குக் கூட்டுப்பணி நடந்தால், ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். துப்புரவு நீர்மத்தைச் சுவர்மேல் தெளிக்கக் கூடாது. தெளித்தால் அது வழிந்து ஓரங்களில்தான் போய்த் தேங்கும். மென்மையான துணியில் சிறிது தெளித்துத் துடைத்துவிட்டு, உடனே உலர்துணியால் ஒற்றிவிடுங்கள். காடியும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம். அமிலம் இடுக்கிலுள்ள சிமெண்டையும் அரிக்கும். பெல்லா தரையில் மேலே பார்த்த மாதிரி உள்ளே முழுவதும் நிறம் இருந்தால் இந்தக் கவலையே இல்லை, ஆனால் அது மினுக்காது.

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரு பிடி அரிசியில் கறுப்புச் சாயம் ஏற்றி உலர்த்துங்கள். வெள்ளைத் தாளில் பசை தடவி, வெள்ளை அரிசி ஒரு வரி, கறுப்பு அரிசி ஒரு வரி என்று நெருக்கமாகப் பத்து வரிகள் ஒட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில் சுவரில் மாட்டி, வரிகள் மறைந்து சாம்பல் நிறமாகும் வரை பின்னால் நடந்து, தூரத்தை அளந்து எழுதுங்கள். வீட்டில் எல்லாரையும் நடக்க விடுங்கள். 7 மீட்டரை ஒட்டி வரும். ஒன்றிரண்டு மீட்டர் முன்னே பின்னே இருப்பது இயல்பு. ஆனால் மற்றவர்களுக்கு 7 மீட்டர் வரும் அதே அறையில் உங்களுக்கு மட்டும் 3 மீட்டரிலேயே எல்லாம் சாம்பலாகிவிட்டால், அரிசியைக் குறை சொல்லாதீர்கள். வெண்பலகை எழுத்தும் உங்களுக்கு அப்படித்தான் கலங்கித் தெரிந்துகொண்டிருக்கும். அம்மாவிடம் சொல்லிக் கண் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள்.