ரயிலைத் தவறவிடவா ஓடினாள்?

கேள்வி: 'ஷீ ரேன் டு த ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் த ட்ரெயின் கான்' என்ற வாக்கியத்தைப் படித்தேன். 'டு' வந்தால் 'செய்வதற்காக' என்றுதானே பொருள்? ரயில் போய்விட்டதைக் காண்பதற்காகவா ஒருத்தி ஓடுவாள்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நல்ல கேள்வி. 'டு' எப்போதும் நோக்கத்தைச் சொல்வதில்லை. இங்கே அது சொல்வது விளைவை, அதுவும் எதிர்பாராத விளைவை. முன்னால் நிற்கும் 'ஒன்லி'தான் அந்த ஏமாற்றத்துக்குக் கட்டியம் கூறுகிறது. 'ஓடிப்போய்ப் பார்த்தால், ரயில் போய்விட்டிருந்தது' என்கிறோமே, அந்தப் 'பார்த்தால்' செய்யும் வேலையும் இதுதான்.

'ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட் டு சீ ஹிம்' என்பதில் 'டு சீ' வியப்பின் காரணம்: அவரைப் பார்த்ததால் வியந்தேன். 'டு திங்க் ஹி வாஸ் ஒன்ஸ் மை ஸ்டூடன்ட்!' என்பதில் தலைமை வினையே கிடையாது. 'இவர் ஒரு காலத்தில் என் மாணவர் என்று நினைத்தால்!' என்ற மலைப்பு மட்டுமே இருக்கிறது.

இன்னும் அழகானது, 'டு'வும் இல்லாத வடிவம்: 'ஹிம், குக்? நெவர்!' வினைக்குக் காலம் இல்லை; எழுவாய் 'ஹி'யாக இல்லாமல் 'ஹிம்' ஆகிவிட்டது. மொழியியலாளர் ஏட்ரியன் அக்மாஜியன் 1984-இல் இந்த வகையை ஆராய்ந்து எழுதினார். தமிழில் 'அவனாவது சமைக்கிறதாவது!' என்கிறோம். நடக்குமென்று நம்பாத செயலுக்கு முற்றுவினை எதற்கு? இரண்டு மொழிகளும் அதை விட்டுவிடுகின்றன.

ஆகவே 'டு'வைக் கண்டதும் 'அதற்காக' என்று பெயர்க்காதீர்கள். நோக்கமா, காரணமா, விளைவா என்று முதலில் கேளுங்கள்.