பட்ஜெட்டை அல்ல, கணக்கைக் கேளுங்கள்

மாநகராட்சி பட்ஜெட் வாசிக்கப்பட்ட மறுநாள், நாளிதழ்களில் ஒரே ஓர் எண் தலைப்பாகிறது: இத்தனை கோடி உபரி, அல்லது இத்தனை கோடி பற்றாக்குறை. சேலத்தில் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பேசுகிறோம். அந்த நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்து, உண்மையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு தயாராகும்போது அதைப் பற்றிப் பேச ஆளில்லை. நகர நிதியைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

நம்பிக்கை: உபரி பட்ஜெட் போட்டுவிட்டார்கள், அப்படியானால் கையில் பணம் இருக்கிறது.

பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே மூன்று எண்கள் இருக்கும். முடிந்துபோன ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரப்போகும் ஆண்டின் மதிப்பீடு. உரையில் வாசிக்கப்படுவது மூன்றாவது எண். அது ஓர் எதிர்பார்ப்பு. வந்துவிடும் என்று நம்பப்படும் மானியமும் அதில் சேர்ந்திருக்கும். அந்த மானியம் வராவிட்டால் வரவும் குறையும், அதை நம்பி அறிவித்த வேலையும் நிற்கும். இரண்டும் ஒன்றாகக் குறைவதால் ஆண்டு முடிவில் பெரிய ஓட்டை எதுவும் கண்ணில் படாது. தெருவில் மட்டும் படும்.

இந்தியாவின் உள்ளாட்சிச் சட்டங்கள் பொதுவாக வரவுக்குள் செலவை அடக்கச் சொல்கின்றன. கடன் வாங்க மாநில அரசின் அனுமதி வேண்டும். ஆகவே வரவு மதிப்பீட்டைக் கொஞ்சம் தாராளமாக எழுதிச் சமன்செய்யும் ஆசை எந்த ஊர் மாநகராட்சிக்கும் இருக்கும். மூன்று ஆண்டுப் புத்தகங்களை அடுத்தடுத்து வைத்து, ஓர் ஆண்டுக்குச் சொன்ன மதிப்பீட்டையும் பிற்பாடு அதே ஆண்டுக்குப் பதிவான உண்மைக் கணக்கையும் ஒப்பிட்டால் போதும். எந்தத் தலைப்பில் ஆசை அதிகம் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகள் கால் நூற்றாண்டாக நிகழ்வு அடிப்படையிலான இரட்டைப் பதிவு முறையில் கணக்கு எழுதுகின்றன. இந்த முறையில் சொத்து வரி கைக்கு வந்தபிறகுதான் வருமானமாகும் என்றில்லை. அரையாண்டுக்கான கேட்பு, அதாவது அலுவலகத்தில் எல்லாரும் சொல்லும் ‘டிமாண்ட்’, எழுதப்பட்டதுமே வருமானமாகிவிடுகிறது. கட்டியவர் வரியும் கட்டாதவர் வரியும் வருமானப் பக்கத்தில் ஒன்றுபோல் நிற்கும். கட்டாதது சொத்துப் பக்கத்தில் ‘வரவேண்டிய நிலுவை’ என்று ஏறும். காகிதத்தில் உபரி காட்டும் நகராட்சியில் ஒப்பந்ததாரர் பில்லுக்கு ஆறு மாதம் காத்திருப்பது இப்படித்தான் சாத்தியமாகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையேல் அநியாயம். சாலை, குழாய், கட்டடம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தேய்மானம் செலவாக எழுதப்படுகிறது. அது கையைவிட்டுப் போகும் பணமல்ல. ஆகவே ஆண்டுக் கணக்கில் பெரிய பற்றாக்குறை தெரிந்தாலும், கஜானா காலி என்று பொருளில்லை. ஆனால் அந்தத் தேய்மானத்துக்கு ஈடாக எதையும் ஒதுக்கிவைக்காத ஊரில், இருபது ஆண்டு கழித்துக் குழாய் வெடிக்கும்போது மாற்றப் பணம் இருக்காது.

நம்பிக்கை: பஸ் ஸ்டாண்டுக்குக் கொட்டக் காசு இருக்கிறது, எங்கள் தெருச் சாக்கடைக்கு மட்டும் இல்லை.

இந்தக் கோபம் நியாயமானது; அது போய்ச் சேரும் முகவரிதான் தவறு. 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேலம் இடம்பெற்றது. அந்தத் திட்டத்தில் ஒரு நகருக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை தரும், மாநில அரசும் உள்ளாட்சியுமாகச் சேர்ந்து அதே அளவு போட வேண்டும் என்பது விதி. பணம் மாநகராட்சியின் அன்றாடக் கணக்குக்கு வரவில்லை. இதற்கென்று தொடங்கப்பட்ட தனி நிறுவனத்தின் வழியாகச் செலவானது. பழைய பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் எழுந்து, 2023 ஜூன் 11 அன்று திறக்கப்பட்ட ஈரடுக்குப் பேருந்து நிலையம் அப்படி வந்தது. அதில் ஒரு ரூபாயைக்கூட எடுத்து அம்மாப்பேட்டையில் தூர் வாருபவருக்குச் சம்பளம் தர முடியாது.

மத்திய நிதிக்குழு மானியமும் அப்படியே. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, பத்து லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது. 2011 கணக்கெடுப்பில் சேலம் நகரத் தொகுதி ஒன்பது லட்சத்துச் சொச்சம். அதனால் இந்த வகையில்தான் வந்தது. கட்டப்படாத மீதி 40 விழுக்காட்டையும் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக்கூடாது என்றும் விதித்தது.

போதாதற்கு மாநகராட்சியின் சொந்தக் கணக்கே மூன்றாகப் பிரிந்திருக்கிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. ஆண்டு முடிவில் வங்கி இருப்பு பல கோடி என்று படிக்கும்போது, அதில் எவ்வளவு எந்த வேலைக்குக் கட்டுப்பட்டது என்று கேட்காமல் மகிழவும் கூடாது, திட்டவும் கூடாது. நம் வரி ரசீதிலேயே இதற்கு ஒரு சின்ன உதாரணம் இருக்கிறது. சொத்து வரியோடு சேர்ந்து வசூலாகும் பத்து விழுக்காடு நூலக வரி மாநகராட்சியின் பணமல்ல. நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டியது. அதை உரிய காலத்தில் கட்டாமல் வைத்திருந்தால் இருப்பு பெரிதாகத் தெரியும். ஊர் நூலகத்துக்குப் புத்தகம் வராது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. கட்டியவற்றின் மின் கட்டணம், லிஃப்ட் பராமரிப்பு, காவல், துப்புரவு எல்லாம் இனி ஆண்டுதோறும் வரும் செலவு. அவற்றை ஈடுகட்ட வேண்டியது கடை வாடகையும் குத்தகையும் நிறுத்தக் கட்டணமும். பேருந்து நிலையம், நேரு கலையரங்கம், வ.உ.சி. மார்க்கெட் ஒவ்வொன்றுக்கும் ஓராண்டில் வந்த வாடகை எவ்வளவு, ஆன பராமரிப்புச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதி மன்றத்தில் வைப்பது கடினமே அல்ல. திறப்பு விழாவுக்குக் கொடுத்த முக்கியத்துவத்தில் பத்தில் ஒரு பங்கை இந்தத் தாளுக்குக் கொடுக்கலாம்.

நம்பிக்கை: வரியை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், எல்லாம் நம் வரியில்தான் ஓடுகிறது.

2022 ஏப்ரலில் வந்த உயர்வு பலரை உலுக்கியது உண்மை. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடு. ஆனால் அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 2008இல் நடந்தது. இடையில் 2018இல் ஏற்றிய வரி மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளில் கொத்தனார் கூலியும் டீசலும் சம்பளக் கமிஷனும் எங்கே போயின என்று நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு சிறிதாக ஏற வேண்டியதை அரசியலுக்காக அடக்கிவைத்து ஒரே நாளில் அவிழ்த்துவிட்டதுதான் அந்த வலி.

எல்லாம் நம் வரியில் ஓடுகிறது என்பதும் சரியில்லை. மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காட்டை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வையோடு வசூலாகும் கூடுதல் இரண்டு விழுக்காடும் உள்ளாட்சிகளுக்கு உரியது. ரியல் எஸ்டேட் படுத்தால் இதுவும் படுக்கும். தொழில் வரிக்கோ அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவே பூட்டு போட்டிருக்கிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. அந்த உச்சவரம்பு 1988இல் வைத்தது. அன்றைய சம்பளத்தை இன்றைய சம்பளத்தோடு ஒப்பிட்டால், ஆலை ஊழியர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லாரிடமிருந்தும் மாநகராட்சிக்கு வரும் பங்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

நம்பிக்கை: மாநகராட்சி ஆகிவிட்டால் நாமக்கல்லுக்குப் பணம் கொட்டும்.

2024இல் திருவண்ணாமலை, புதுக்கோட்டை, காரைக்குடியோடு நாமக்கல்லும் மாநகராட்சியானது. லாரியும் முட்டையும் கோடிகளைப் புரட்டும் ஊர், இனி நகரத்துக்கும் அதில் பங்கு வரும் என்று பலர் எண்ணினார்கள். பணம் புரளும் ஊர் என்பது சரி. ஆனால் லாரிக்குக் கட்டும் சாலை வரி மாநில அரசுக்குப் போகிறது. பாடி கட்டும் பட்டறையின் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. கோழிப் பண்ணைகளில் பெரும்பாலானவை சுற்றுக் கிராமங்களில், ஊராட்சி எல்லைக்குள் இருக்கின்றன. நகரத்தின் கைக்கு எட்டுவது பட்டறையின் கட்டடத்துக்கான சொத்து வரி, உரிமக் கட்டணம், தொழில் வரி, முதலைப்பட்டியில் வந்திருக்கும் புதிய பஸ் ஸ்டாண்டின் வாடகை போன்றவைதான். சேலத்து வெள்ளிக் கொலுசுக்கும் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கும் இதே கதை. வியாபாரம் எவ்வளவு பெருகினாலும் நகர நிதியில் அதன் நிழல் மட்டுமே விழுகிறது. நாட்டின் எல்லா மாநகராட்சிகளின் வருவாயையும் கூட்டினாலும் 2023-24இல் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 விழுக்காடுதான் என்று ரிசர்வ் வங்கி அறிக்கை சொல்கிறது.

தரம் உயர்வதால் ஆணையர், மண்டலம், பணியிடங்கள் என்று செலவு உடனே கூடும். வருமானம் மெதுவாகத்தான் வரும். மாநகராட்சியோடு சேர்க்கப்படும் ஊராட்சி மக்கள் ஊரக வேலை உறுதித் திட்டத்தை இழக்கிறார்கள், வரியும் ஏறும் என்று அஞ்சுகிறார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கிடைக்கப்போகும் குடிநீரும் சாக்கடையும் எந்த ஆண்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் வரும் என்று சொல்லாமல் எல்லையை மட்டும் நீட்டுவது சரியல்ல.

நம்பிக்கை: குடிநீர்க் கட்டணத்தில் லாபம் பார்க்கிறார்கள்.

சேலத்துக்கான காவிரி நீர் மேட்டூரிலிருந்து மோட்டார் வைத்து இறைத்துக் கொண்டுவரப்படுகிறது. மின் கட்டணம், பராமரிப்பு, கடன் தவணை எல்லாம் கூடும்போது மாதக் கட்டணம் அதற்கு ஈடாவதில்லை. பற்றாக்குறையைப் பொது நிதி தாங்குகிறது. இணைப்பு இல்லாமல் தெருக்குழாயில் நிற்கிறவர் அந்தப் பொது நிதிக்குத் தன் பங்கைத் தருகிறார், வீட்டுக்குள் தண்ணீர் வருகிறவருக்குச் சலுகை போகிறது. எனக்கு இதில் ஏற்பட்டிருக்கும் வருத்தம் கட்டணத்தைப் பற்றியது அல்ல, இந்தத் திசையைப் பற்றியது.

நம்பிக்கை: கடன் வாங்கினாலே திவால்.

இல்லை. முப்பது ஆண்டு உழைக்கும் குழாய்க்குக் கடன் வாங்குவது முறையானது. 1998இல் அகமதாபாத் மாநகராட்சி மாநில உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. 2025இல் சென்னை மாநகராட்சி 200 கோடிக்கு வெளியிட்டது. 2013இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் திவாலானதும் உண்மைதான். மக்கள் வெளியேறி வரித்தளம் சுருங்கிப்போக, ஓய்வூதியக் கடமையும் பழைய கடனும் குறையாமல் நின்ற ஊர் அது. கடனின் அளவைவிடத் தவணை கட்டச் சொந்த வருவாய் வளர்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

2022 நவம்பர் 1 முதல் நம் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே எழும் கேள்விகள் பெரும்பாலும் தெருவிளக்கு, குப்பை, குழாய் பற்றியவை, அவை வேண்டியவையே. அடுத்த கூட்டத்தில் கவுன்சிலரிடம் இன்னொன்றும் கேட்கலாம்: மார்ச் 31 நிலவரப்படி நம் வார்டின் சொத்து வரிக் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, பழைய நிலுவை எவ்வளவு, அதில் வழக்கில் கிடப்பது எவ்வளவு, அரசுக் கட்டடங்கள் தர வேண்டியது எவ்வளவு? இந்த எண்கள் பில் கலெக்டரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.