மெட்ராஸ் டிராம் கம்பெனி என்ன ஆனது?

கேள்வி: மெட்ராஸ் போனால் டிராமில் ஏறாமல் திரும்பமாட்டாராம் எங்கள் தாத்தா. அந்தக் கம்பெனி என்ன ஆனது?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நம் ஊரில் ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டி ஓடிய காலத்திலேயே, 1895 மே 7 அன்று, இந்தியாவின் முதல் மின்சார டிராம் மெட்ராஸில் ஓடியது. ஆரம்பத்தில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்தை ஒட்டித் தரைக்கடியில் ஓடிய குழிப்பாதையில் இருந்துதான் மின்சாரம். அதை நான் துணிச்சலான வேலை என்பேன். ஆனால் ஐப்பசி மழை விடுமா? குழியில் வெள்ளம் புகுந்தது; மேல்கம்பிக்கு மாறினார்கள். முதல் கம்பெனி நொடித்தது. பின்னர் 'மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904)' நடத்தியது. பஸ் போட்டியும் நஷ்டமும் நெருக்க, 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. தொழிலாளர்கள் வேலையிழந்து தவித்தார்கள். கல்கத்தாவிலோ, டிராம் கம்பெனியின் நோனாபுகூர் பணிமனை டிராம் பெட்டிகளைத் தானே கட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தது.