காய் பறிக்கும் பக்குவமும் கடைக்காரர் லாபமும்



மளிகையோடு காய்கறியும் வைத்து விற்கும் நம் பொன்னேரி வட்டார வணிகர்களுக்கு அதிகச் சேதாரம் தருபவற்றில் வெள்ளரி, சுரை, பூசணி போன்ற கொடிக்காய்களும் உண்டு. சரக்கு கெட்டால் வெயிலையும் லாரியையும் குறை சொல்கிறோம். ஆனால் பல நேரங்களில் சேதாரம் கொடியிலேயே தொடங்கிவிடுகிறது. பறிக்கும் நாள் தவறிய காயைக் கடையில் என்ன செய்தாலும் தேற்ற முடியாது. ஆகவே, எந்தக் காய் எப்போது பக்குவத்துக்கு வரும் என்பதை வியாபாரியும் அறிந்திருப்பது அவசியம்.

கொடிக்காய்களில் இளசாக விற்பவை ஒரு வகை. முற்றவிட்டு விற்பவை மற்றொரு வகை.

இளங்காய்கள்: வெள்ளரி விதைத்த 45 முதல் 50 நாட்களில் முதல் பறிப்புக்கு வரும். காய் விறைப்பாகவும், தோல் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று பொருள். நாட்டு வெள்ளரியைப் பழமாக விற்பது தனி வியாபாரம். அது வெடிக்கும் பக்குவத்தில் வருவதால் அன்றே விற்றாக வேண்டும். சுரைக்காயில் நகம் எளிதாக இறங்கினால் இளசு. ஆனால் குவியலில் ஒரு காயில் மட்டும் பார்த்தால் போதும். நகம் பட்ட இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும். பீர்க்கங்காய் முற்றினால் நார். பாகற்காய் முற்றினால் விதை சிவந்துவிடும்.

இளங்காய்களை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். முற்றிய காய் கொடியில் நின்றால் புதுப் பிஞ்சு பிடிப்பது குறையும். விலை இறங்கியதும், "இன்று வேண்டாம், நாலு நாள் கழித்துக் கொண்டு வா" என்று விவசாயியைத் திருப்பி அனுப்பினால், நாலு நாள் கழித்து வருவது வெள்ளரியாக இராது, விதை மூட்டையாக இருக்கும். அவருக்குக் காய்ப்பு போகும். நமக்கு வரத்து போகும். விலையைக் குறைத்தாவது தொடர்ந்து எடுப்பதே இருவருக்கும் நல்லது.

முற்றிய காய்கள்: பரங்கிக்காய் 85 முதல் 90 நாட்களிலும், வெள்ளைப் பூசணி 90 முதல் 100 நாட்களிலும் அறுப்புக்கு வரும். பரங்கியின் தோல் நகம் இறங்காத அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். வெள்ளைப் பூசணியில் சாம்பல் நன்றாகப் பூத்திருக்க வேண்டும். இரண்டையும் காம்போடு வாங்குவதே முறை. காம்பு ஒடிந்த காயில் அந்த இடத்தில் அழுகல் புகும்.

ஆயுத பூஜைக்குக் கடைகளிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலும் திருஷ்டிப் பூசணி ஏராளமாகத் தேவைப்படும். ஆடி முதல் நாளில் விதைத்தாலும் அக்டோபர் நடுப்பகுதியில்தான் 90 நாள் ஆகும். பூஜையோ 2023இல் அக்டோபர் 23. 2025இல் அக்டோபர் 1. பூஜை முன்கூட்டி வரும் ஆண்டில், சாம்பல் பூக்காத ஆடிப்பட்டக் காய் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவிக்க வேண்டாம். முந்தைய பட்டத்துச் சரக்கை முன்னதாகப் பேசி வைப்பதே புத்திசாலித்தனம்.

கடையில் கவனிக்க வேண்டியவை: வெள்ளரியை வாழைப்பழத்தின் அருகில் வைக்கக் கூடாது, பழம் வெளியிடும் எத்திலீன் வாயு அதை மஞ்சளாக்கிவிடும். 10 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் குளிர வைத்தாலும் தோலில் குழி விழுந்து கெடும். பூசணியைக் காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வழக்கத்துக்கு மாறாகக் கசக்கும் சுரைக்காய் நஞ்சாகும். அதன் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமே எச்சரித்துள்ளது. வாடிக்கையாளர் "கசக்கிறது" என்று சொன்னால் வாதாடாமல் காயைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்த லாட்டில் மீதமுள்ளதையும் விற்காதீர்கள்.

பக்குவம் அறிந்து வாங்குவோம். சேதாரம் குறைத்து விற்போம்.