எண்ணெய்த் துணியும் கறுப்புச் சிலிண்டரும்

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. அதிகாலை ஐந்து மணி தாண்டிய நேரம். லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப்பெட்டியை மதுரை ரயில் நிலையம் அருகே கழற்றி நிறுத்தியிருந்தார்கள். விதியை மீறி உள்ளே ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரில் டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். அன்று ஊர் முழுக்க ஒரே பேச்சு: "சிலிண்டர் வெடிச்சிருச்சாம்."

மதுரைப் பட்டறைகளிலும் பரோட்டாக் கடைகளிலும் நான் கேட்கும் பல தவறான நம்பிக்கைகளுக்கு வேர் இந்த ஒரு வாக்கியம்தான். சிலிண்டர் என்றால் ஒரு இரும்புக் குண்டு, அதன் தலையெழுத்துப்படி அது வெடிக்கும் அல்லது வெடிக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால் வால்வையும் டியூபையும் வாஷரையும் யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான கேஸ் விபத்துகளில் முதலில் நடப்பது கசிவு. பிறகு ஒரு பொறி. கடை சுவரோடு போயிருக்கும், சிலிண்டர் முழுசாகக் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் உள்ளே சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். ஒரு கிலோ சமையல் கேஸ் ஆவியானால் ஏறத்தாழ அரைக் கன மீட்டர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வேண்டாம், 1.8 பங்கு கலந்தாலே அது பற்றும். அதாவது கடைகளில் வைக்கும் 19 கிலோ சிலிண்டரிலிருந்து ஒரே ஒரு கிலோ கசிந்தால் போதும், அந்த அறை தயார். அதற்கும் குறைவே போதும் என்பதுதான் உண்மை, ஏனென்றால் இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு படர்ந்து, மேசைக்கு அடியிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கும். வாசனை வந்ததும் நாம் முதலில் கை வைப்பது ஃபேன் சுவிட்சில். அந்தச் சுவிட்சின் பொறி போதும். எந்த சுவிட்சையும் தொடாமல் வால்வை மூடி, கதவைத் திறந்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெளியே நின்று 1906-க்குப் போன் செய்ய வேண்டும்.

டீக்கடைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கப் போடுவார்கள், இல்லாவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துவார்கள். "அடியில இன்னும் கெடக்குண்ணே" என்பார்கள். கிடப்பது உண்மைதான். ஆனால் நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரிலிருந்து வருவது ஆவி. படுத்த சிலிண்டரிலிருந்து வருவது திரவம். அந்தத் திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு பெருகும். அடுப்பு தாங்கக்கூடிய அளவு இல்லை அது.

இனி பட்டறைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது அங்கே நிற்கும் கறுப்புச் சிலிண்டர்தான், அதாவது ஆக்ஸிஜன் சிலிண்டர்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கே.புதூர்ப் பக்கம் ஒரு கிரில் பட்டறை. பதினெட்டு வயது இருக்கும், வேலைக்குச் சேர்ந்து மாதம் ஒன்றுகூட ஆகாத பையன். எண்ணெயில் நனைத்த துணியால் டிரில்லிங் மெஷினைப் பளபளவென்று துடைத்தான். பிறகு ஸ்பானர்கள். பிறகு அதே துணியோடு ஆக்ஸிஜன் சிலிண்டரின் தலைக்குப் போனான். வால்வுக்கு ஒரு சாண் தூரத்தில் துணி இருந்தபோது மூத்த வெல்டர் கத்தினார்: "டேய் தம்பி, அதத் தொடாத!" பையன் நடுங்கிப்போய் நின்றான். ஏன் தொடக்கூடாது என்று நான் கேட்டேன். "தெரியலண்ணே, எங்க பழைய முதலாளி தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றார். இருபது வருடமாக அந்தத் தடையைக் காப்பாற்றி வருகிறார். காரணத்தை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

காரணம் இதுதான். நிறைந்த ஆக்ஸிஜன் சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். லாரி டயரில்கூட எட்டு கிலோ அளவில்தான் இருக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால் அந்த வேகத்தில் பாயும் கேஸ் ரெகுலேட்டருக்குள் மோதி அமுங்கிச் சூடாகிறது. சாதாரணக் காற்றில் மெதுவாக எரியும் எண்ணெயும் கிரீஸும் அழுத்தமான ஆக்ஸிஜனில் நெருப்பே இல்லாமல் பற்றி வெடிக்கும். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் கையில் இருந்தாலும் அதே ஆபத்துதான். ஆகவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வால்வை மெல்லத் திறக்க வேண்டும். திறக்கும்போது கேஜுக்கு நேரே முகத்தை வைக்கக்கூடாது.

"ஆக்ஸிஜன் உயிர்க்காற்றுதானே, அது என்ன பண்ணும்?" என்ற நம்பிக்கை 2021 கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு இன்னும் உறுதியாகிவிட்டது. ஒரு சிலிண்டருக்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாட்களை யாரும் மறக்கவில்லை. ஆக்ஸிஜன் தானாக எரியாது, சரி. மற்றவற்றை வெறியோடு எரிய வைக்கும். மே மாத வெக்கையில் டார்ச்சைத் திறந்து சட்டைக்குள் ஆக்ஸிஜனை ஊதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். துணியின் நூலிழைக்குள் அது தங்கியிருக்கும். அடுத்து பறக்கும் ஒரு வெல்டிங் பொறி போதும். சட்டையைக் கழற்றக்கூட நேரம் இருக்காது. ஏசி மெக்கானிக்குகளில் சிலர் நைட்ரஜன் கிடைக்காதபோது பைப்பில் கசிவு பார்க்க ஆக்ஸிஜனை ஏற்றுகிறார்கள். கம்ப்ரஸருக்குள் இருப்பது எண்ணெய். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள்.

பக்கத்தில் நிற்கும் மெரூன் நிறச் சிலிண்டர் அசிட்டிலின், பட்டறை மொழியில் டி.ஏ. கேஸ். அதன் வயிற்றுக்குள் பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளும் அதில் ஊறிய அசிட்டோனும் இருக்கின்றன. கேஸ் அசிட்டோனில் கரைந்து கிடக்கிறது. குட்டியானை வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்து இறக்கிய உடனே திறந்தால் கேஸோடு அசிட்டோனும் வரும். நிமிர்த்திச் சில மணி நேரம் நிற்க விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

எரியாத கேஸ் என்றால் பயமில்லை என்பதும் ஒரு நம்பிக்கை. 2022 அக்டோபர் 2 அன்று திருச்சியில் பலூன் வியாபாரியின் ஹீலியம் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார். ஹீலியம் எரியவே எரியாது. அங்கே உயிரைப் பறித்தது அழுத்தம். சில சமயம் சிலிண்டரேதான் வெடிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழையது, துருப்பிடித்தது, பரிசோதனைத் தேதி தாண்டியது, கண்ட இடத்தில் நிரப்பியது என்றால் அந்த ஆபத்து கூடும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பலூன் சிலிண்டருக்குப் பக்கத்தில் குழந்தையை நிறுத்தாதீர்கள்.

சமையல் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் எழுதியிருக்கும் ஏ, பி, சி, டி எழுத்தை 'எக்ஸ்பயரி' என்கிறார்கள். கேஸ் கெட்டுப்போகும் தேதி இல்லை அது. சிலிண்டரை அடுத்துப் பரிசோதிக்க வேண்டிய காலாண்டு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பக்கத்தில் இருப்பது வருடம்.

கே.புதூர், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைகளில் உள்ள பெரிய நிறுவனங்களில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், வகுப்பு நடக்கும். மூன்று பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு முதலாளிதான் வாத்தியார். 'உருட்டாதே, போடாதே' என்று சுவரில் ஒட்டினால் மட்டும் பயிற்சி ஆகாது. உருட்டினால் ஏன் ஆபத்து என்று காட்ட வேண்டும்: மூடி இல்லாத சிலிண்டர் விழுந்து வால்வு முறிந்தால் அது ராக்கெட் மாதிரி சுவரை உடைத்துக்கொண்டு போகும். சோப்புத் தண்ணீரை ஜாயிண்டில் தடவி, நுரை வருகிறதா என்று பையனையே பார்க்கச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புத் துறை தீத்தொண்டு வாரம் நடத்துகிறது. உங்கள் தெருவுக்கு ஒரு செயல்விளக்கம் வேண்டும் என்று பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து நிலையத்தில் கேட்கலாம்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சிலிண்டருக்கும் சந்தனம், குங்குமம் வையுங்கள், உடம்பில் மட்டும். வால்வை எண்ணெய் படாத காய்ந்த துணியால் துடையுங்கள். விளக்கைத் தள்ளி ஏற்றுங்கள். ஏன் என்று கேட்கும் புதுப் பையனுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள்.